புள்ளி விழுந்த பழம்

மாம்பழ வாசனை என்றால் உங்களுக்கு நாக்கு ஊறும். எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வரும், ஏனென்றால் வைகாசி, ஆனி இரண்டு மாதமும் போடியில் எங்கள் வீட்டு நடு அறை முழுக்க வைக்கோலும் அந்த வாசனையுமாக இருக்க, நானும் அக்காவும் அதிலிருந்து முழுசாக ஒரு நல்ல பழம் தின்றதில்லை.

எங்கள் சிலமலைத் தோப்பில் அப்பா ஒவ்வொரு காயையும் காம்போடு அறுத்து, பால் வடியக் குப்புறக் கவிழ்த்து, கை பொறுக்கும் வெந்நீரில் முக்கித் துடைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றையொன்று தொடாமல் வைக்கோலில் அடுக்குவார். காலையில் எழுந்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, பழங்களைப் புரட்டிப் பார்த்துவிடுவார். புள்ளி விழுந்தது எங்களுக்கு. நல்லது "இருக்கட்டும்". மறுநாள் அந்த நல்லதிலும் புள்ளி விழும். அப்போது அதுவும் எங்களுக்கு.

ஒரு வருஷம், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, மசக்கையில் எதுவும் தொண்டையில் இறங்காமல் கிடந்தாள். நம்ம தோப்புப் பழம் என்றால் தின்பேன் என்று, வாராவாரம் மலையிறங்கி வந்து போகும் ஜீப்புக்கார அண்ணனிடம் சொல்லிவிட்டிருந்தாள். அம்மா பன்னிரண்டு பழம் பொறுக்கி, ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்காகத் தனியே வைத்தாள். பன்னிரண்டும் பொன் மாதிரி. புள்ளி இருந்தால்தானே நமக்குக் கிடைக்கும் என்று ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒன்று மட்டும் என்றால் அக்காவுக்குப் போய்விடுமே என்று இன்னொன்று. அப்படியே எட்டு.

ஞாயிறு காலை எட்டும் கன்றிக் கறுத்திருந்தன. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"ஏன்டி, அழுகல் அளவெடுத்தா வரும்? எல்லாம் ஒரே எடத்துல, ஒரே அளவுல வந்திருக்கு. கொண்டா உன் கட்டவெரல."

அம்மா அடிக்கக்கூட இல்லை. "வாயும் வயிறுமா இருக்கிறவ ஆசைப்பட்டுக் கேட்டா. வெரசாப் போயி நீயே ஜீப்புல குடுத்துட்டு வா" என்று மீதி நாலைத் துணியில் கட்டித் தந்தாள். அந்த நாலு பழம் கனத்த கனம் எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஜீப்புக்கார அண்ணன் வந்து சொன்னார்: "வளைவுல குலுங்கி ஒண்ணு நசுங்கிப்போச்சுக்கா. தங்கச்சி அதத்தான் மொதல்ல தின்னுச்சு. நல்லா எறங்குச்சாம். மத்த மூணும் நல்லா இருக்குன்னு வைக்கோல்ல வச்சிருக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "உங்க தங்கச்சிதான, வேற எப்பிடி இருக்கும்."

அந்த வைக்கோல் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் நிற்கிறது. கடையில் வாங்கும் பழம் மெழுகு தேய்த்தாற்போல் மினுமினுத்துக்கொண்டு, வாசனையும் இல்லாமல், நாள் கணக்கில் அப்படியே கிடக்கிறது. "எடுத்துத் தின்ன வேண்டியதுதானேம்மா" என்று மகள் சலித்துக்கொள்கிறாள். நானும் தினம் காலையில் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன். ஒன்றிலும் ஒரு புள்ளி விழக் காணோம். எதை முதலில் தின்பது?