சொந்தத்துக்குள் கட்டினதால் வந்த வருத்தம்

என் தம்பிக்குக் காதில் சீழ் வடியாத மாதம் கிடையாது. காது ஆறினால் நெஞ்சுச்சளி, சளி இறங்கினால் காய்ச்சல் என்று ஒரு வருத்தம் மாற இன்னொரு வருத்தம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இரண்டாம் மாடி எங்களுடையது. உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா கடற்பக்க யன்னல்களை ஆணி அடித்தே மூடிவிட்டார். அதற்குப் பிறகும் அவன் இருமினான். வீடு இருண்டதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பெரிய டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டினோம். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, கிருமியை எதிர்க்கும் புரதம் இவன் உடம்பில் இல்லை, இது பிறவிக் குறை, மாதாமாதம் ஊசியால் ஏற்ற வேண்டும் என்றார். பிறகு எல்லா டொக்டர்மாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“அப்பாவும் அம்மாவும் சொந்தமா?”

“ஓம் டொக்டர். மச்சான் மச்சாள்.”

அவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். வெள்ளவத்தை பஸ்ஸில் திரும்பி வரும்போதே அம்மாவும் அப்பாவும் ஒரே சீற்றில் உட்காரவில்லை. தாங்கள் கட்டியதே பிழை என்று இருவரும் தனித்தனியாக முடிவுகட்டிவிட்டார்கள்.

இதில் என் வாழ்க்கையும் மாட்டிக்கொண்டது. அம்மாவின் அண்ணன் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவருடைய மகனுக்கு நான் என்பது எங்கள் வீடுகளில் எப்போதோ பேசி முடித்த காரியம். மச்சான் துறைமுகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், தம்பியைத் தோளில் ஏற்றி ரயில் பாதையைக் கடந்து கடல் காட்டப் போவார். தம்பியின் மூக்குச்சளி சட்டையில் பட்டாலும் முகம் சுழிக்கமாட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்.

ஊசி தொடங்கி ஒரு மாதம் ஆனதும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். மாமா வீட்டு ஹோலில் இருந்தோம். மாமி தந்த தேத்தண்ணியை அம்மா தொடவில்லை.

“அண்ணை, நான் பட்டது காணும். இதுகளைக் கட்டிவச்சு, இவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையிறதை என்னால பாக்க ஏலாது.”

“அப்ப எங்கட பொடியனில வருத்தம் இருக்கெண்டு சொல்ல வந்தனீங்களோ?” என்றார் மாமி.

மச்சான் குசினி வாசலில் நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நீர் என்ன சொல்லுறீர்?”

“தம்பியை நீங்களும் பாத்தனீங்கள்தானே மச்சான்,” என்றேன்.

எங்கள் தலைக்கு மேலே, சுவரில், அம்மாவின் கடைசித் தம்பியின் படம் மாலையோடு தொங்கியது. பால்பல் விழ முதலே நெஞ்சுச்சளியில் செத்துப்போன பிள்ளை. அவனைப் பெற்றவர்கள் ஒருவருக்கொருவர் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் சம்பந்தத்தை முறித்தோம். ஒருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு குண்டும் சுற்றிவளைப்பும்தான். மச்சானை ஒருதடவை ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போய்ச் சில நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். மாமா பயந்துபோய் அவரைக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கேயே கலியாணமும் நடந்தது. வந்த போட்டோவை அம்மா எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குப் பேசி வந்த மற்ற இடங்களெல்லாம் தம்பியின் வருத்தத்தைக் கேள்விப்பட்டதும் பேச்சில்லாமல் போயின. தம்பிக்கு மருந்து எடுத்துவருவது என் வேலை. ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்குக்குள் ஊசிமருந்துக் குப்பிகளை வைத்துக்கொண்டு வருவேன். செக்பொயின்றில் பிளாஸ்க்கைத் திறக்கச் சொல்லி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்பார்கள்.

“மொகத மே?”

“மல்லிகே பெஹெத், மஹத்தயா.”

தம்பியின் மருந்து என்று சொன்னாலும் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். சூடு பட்டால் மருந்து பழுதாகிவிடும். தமிழில் திட்டிக்கொண்டே சிங்களத்தில் சிரிப்பேன். அந்த வித்தை கொழும்பில் எல்லோருக்கும் கைவந்திருந்தது.

தம்பிக்கு மீசை முளைத்த காலத்தில் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், தமிழர். அவனுடைய இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அம்மாவையும் என்னையும் இருத்திவைத்து விளக்கினார்.

“கிருமி வந்தா எங்கட இரத்தத்தில இருக்கிற ஒருவகைக் கலத்தின்ர வெளிப்பக்கத்தில பெல் அடிக்கும். அந்தச் செய்தியை உள்ளுக்குக் கொண்டுபோக ஒரு நொதியம் இருக்கு. அந்த நொதியத்தைச் செய்யிற பரம்பரையலகு தம்பிக்குப் பிழை. பெல் அடிக்குது, உள்ளுக்குப் போய்ச் சொல்ல ஆளில்லை. அந்தக் கலம் வளராட்டி எதிர்ப்புப் புரதம் வராது.”

“நாங்கள் சொந்தத்துக்குள்ள கட்டினதாலதானே டொக்டர்?”

“இல்லை அம்மா. அதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது தாயிட்ட வருத்தமில்லாமலே இருந்து, ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வாறது. உங்கட சகோதரங்கள் ஆரும் சின்னனிலயே தவறினவையோ?”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “உங்களிட்டயும் அந்தப் பிழை இருக்கலாம், இல்லாமலும் விடலாம். இருந்தா நீங்கள் ஆரைக் கட்டினாலும் பயம் ஒண்டுதான், சொந்தமெண்டாலும் பிறத்தியெண்டாலும். இல்லாட்டி ஆரைக் கட்டினாலும் பயமில்லை. இரத்தம் தந்தா பாத்துச் சொல்லலாம்.”

இரத்தம் கொடுத்தேன். முடிவு வரும்வரை, என்னிடமும் அந்தப் பிழை இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இருந்தால், இழந்ததற்கு ஒரு காரணமாவது இருக்கும்.

“உங்களிட்ட இல்லை,” என்றார் டொக்டர் சந்தோஷமாக.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மா கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, பிள்ளைக்கு ஒண்டும் இல்லையாம்.”

மாமாவுக்கு அப்போது காது மந்தம். சத்தமாகத்தான் பேசுவார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“நல்லது தங்கச்சி. இப்பதான் மகன் கனடாவில இருந்து கதைச்சவன். ரெண்டாவது பிள்ளையும் பொடியனாம். நல்ல சுகமாம்.”

“சந்தோசம் அண்ணை,” என்று சொல்லி அம்மா போனை வைத்தார். வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. அறைக்குள் தம்பி இருமினான். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“இனி நீ ஆரையும் கட்டலாம் பிள்ளை.”