ஆள் பார்த்து அடிக்கும் பெட்டி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சலவைக்கடையில் அவளுக்கு வேலை இஸ்திரி போடுவது. ஒரு சட்டையைப் பார்த்தே அதைப் போடுகிறவனின் குணத்தைச் சொல்லிவிடுவாள். "இந்த ஆளு ஆபீஸ்ல கத்துவாரு, வீட்ல வாயைத் திறக்க மாட்டாரு. பாரு, காலர் பட்டனை இழுத்து இழுத்து ஓட்டையே பெருசாயிடுச்சு. கைப்பட்டன் மட்டும் புதுசு மாதிரி இருக்கு" என்பாள். பக்கத்து மேஜையில் இஸ்திரி போடும் குண்டக்கா சிரித்துச் சிரித்துப் பெட்டியைக் கீழே வைத்துவிடுவாள். குண்டக்கா என்ற பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள், மற்றவர்கள் வைப்பதற்கு முன்னால்.

அந்தச் சிரிப்பெல்லாம் கடையில்தான். வீட்டில் இஸ்திரி அக்காவுக்குச் சிரிக்கும் உரிமை இல்லை. புருஷன் இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். ஓடிப்போனவன் நிம்மதியாக இருக்கிறான். வெட்கப்பட வேண்டியவள் இவள் என்று குடும்பம் கூடி முடிவு செய்தது. அண்ணன் தன் வீட்டில் இடம் கொடுத்தார். கொடுத்ததை ஒரு நாளும் மறக்கவிடவில்லை. காலையில் எழுந்து வீட்டைப் பெருக்கி, துடைத்து, சமைத்து வைத்துவிட்டு அவள் கடைக்குப் போவாள். சாயங்காலம் வந்து மறுபடி ஆரம்பிப்பாள். இதற்குக் கூலி கேட்டால் "கூடப்பிறந்தவகிட்ட கூலியா?" என்று கேட்கும் உலகம், கூடப்பிறந்தவளை ஏன் கூலிக்காரியைப் போல நடத்துகிறாய் என்று அண்ணனிடம் கேட்டதில்லை.

ஒரு சின்ன விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள் போட மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கினார். அண்ணிக்கும் ஒரு ஜோடி வாங்கினார். இவளுக்கு வாங்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒரு நாள் சண்டை போட்டிருக்கலாம். தோன்றாமல் போனதற்கு யாரோடு சண்டை போடுவது?

அண்ணன் ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் மேற்பார்வையாளர். போனஸ் வந்த வாரம் ஒரு ஸ்டீரியோ செட் வாங்கிக்கொண்டு வந்தார். கைக்கு அடக்கமான சின்ன செட். வெள்ளி நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ரிமோட். கடைக்காரன் வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்றானாம். "எனக்குத் தெரியாதா?" என்று அண்ணன் சொல்லிவிட்டாராம்.

அவருக்குத் தெரிந்த லட்சணத்தைச் சொல்கிறேன். பெட்டியின் வயருக்கு மூன்று முனை உள்ள பிளக். வீட்டில் இருந்த பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான். பெரிய முனை இடித்தது. அண்ணன் கொறடு எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்து கொடுத்தவள் தங்கைதான். அந்தப் பெரிய முனையைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டி முறித்துவிட்டு, "சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருக்கான்" என்றார். அது எர்த் முனை. பெட்டிக்குள் எங்காவது கசிந்து அதன் உடம்பில் கரண்ட் ஏறினால், அதைத் தரைக்குள் இறக்கிவிடும் வழி. அந்த வழியை முறித்துவிட்டால் கரண்ட் வேறு வழி தேடும்.

பெட்டியைச் சுவரலமாரியின் ஒரு தட்டுக்குள் இறுக்கமாகச் செருகினார். பக்கத்தில் விரல் நுழைய இடமில்லை. மேலே காற்று போக இருந்த ஓட்டைகளின் மீது அண்ணி பூவேலை செய்த துணியைப் போட்டாள். துணியின் மேல் கண்ணாடிக் குவளை, அதில் தண்ணீர், தண்ணீரில் பூ. பெட்டியோடு வந்த கையேட்டை அண்ணன் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. அந்தக் கையேட்டால் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

பிறகு அண்ணன் சோபாவில் உட்கார்ந்தார். ரிமோட்டை அமுக்கினார். பாட்டு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல சத்தம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கைகூடக் கையை நிறுத்திக் கேட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை, தங்கை ஹாலைத் துடைத்து முடித்து, அதே ஈரக்கையோடு துணியைப் பிழிந்து அலமாரியைத் துடைக்கப் போனாள். விரல் பெட்டியில் பட்டது. முழங்கை வரை யாரோ உள்ளேயிருந்து சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. துணி தெறித்து விழுந்தது.

"அண்ணே, இது ஷாக் அடிக்குது."

அண்ணன் ரிமோட்டால் முன்பே அணைத்திருந்தார். "ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். ஆஃப் பண்ணினது எப்படி அடிக்கும்?"

ரிமோட்டால் அணைத்த பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அது எதைத் தின்று எரிகிறது என்று அண்ணன் யோசிக்கவில்லை. எழுந்து வந்தார். ரப்பர் செருப்போடு வந்தார். பெட்டியின் முகப்பில் உள்ளங்கையை வைத்து, நன்றாக அழுத்தி, தங்கையைப் பார்த்தார்.

"எங்க அடிக்குது? ஏம்மா, நீ தொட்டுப் பாரு."

அண்ணியும் ரப்பர் செருப்போடு வந்து தொட்டாள். "ஒண்ணுமில்லீங்க. ஜில்லுனு இருக்கு."

"பாத்தியா? எங்களை அடிக்கல. உன்னை மட்டும் அடிக்குதா? ஆள் பாத்தா அடிக்கும் மெஷினு?"

அன்றிலிருந்து அது அந்த வீட்டின் நகைச்சுவை. யார் வந்தாலும் அண்ணன் சொல்வார்: "எங்க வீட்ல ஒரு பெட்டி இருக்கு, ஆள் பாத்து அடிக்கும்." வந்தவர்கள் சிரிப்பார்கள். சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது. தரை காய்ந்திருந்தால் லேசாகச் சுரீர் என்று இருக்கும். ஈரமாக இருந்தால் கை விறைத்துப்போகும். அவள் அலமாரியைத் துடைக்காமல் விட ஆரம்பித்தாள். தூசி படிந்தது. நகைச்சுவை கோபமாக மாறியது.

"வேலை செய்ய வலிக்குதுன்னா நேரா சொல்லு. என் பெட்டி மேல பழி போடாத."

"வலிக்குதுன்னுதானே அண்ணே சொல்றேன்."

"வாய் மட்டும் நீளுது."

கடைசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியைப் பார்க்க ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் தோன்றவில்லை. பெட்டி புதுசு, விலை கொடுத்து வாங்கியது. தங்கைதான் பழசு. கோளாறு எதில் இருக்கும் என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை.

டாக்டர் கேள்விகளை அண்ணனிடம் கேட்டார்.

"தூக்கம் எப்படி?"

"புரண்டுகிட்டே இருக்கா டாக்டர்."

"வீட்டுக்காரர்?"

"விட்டுட்டுப் போயிட்டாரு."

"அதான்" என்றார் டாக்டர். எதற்கு 'அதான்' என்று அவர் விளக்கவில்லை. "தனியா இருக்கிற பொம்பளைங்களுக்கு இப்படி வரும். உடம்புல கரண்ட் ஓடுற மாதிரி இருக்கும். நரம்புத் தளர்ச்சி. மாத்திரை எழுதித் தர்றேன்."

அவள் வாய் திறந்தாள். "டாக்டர், அந்தப் பெட்டியைத் தொடுறப்ப மட்டும்தான்..."

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடும்மா" என்றார்.

எத்தனை படிப்பு, எத்தனை தேர்வு, சுவரில் எத்தனை சட்டம் போட்ட பட்டங்கள். ஒரு பெண் வந்து, இதைத் தொட்டால் எனக்கு அடிக்கிறது என்கிறாள். தொடும்போது எங்கே நின்றாய் என்று கேட்க ஒரு பட்டமும் வேண்டாம். அந்தக் கேள்வி அங்கே பிறக்கவில்லை. புருஷன் இல்லாதவள் என்று தெரிந்தவுடன் நோய் தெரிந்துவிட்டது. நோயாளியைப் பார்க்க வேண்டிய அவசியம் போய்விட்டது. இதற்கும், குறி சொல்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? இவர் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார்.

மாத்திரை வேலை செய்தது. அவளைப் பகலிலும் தூங்கவைத்தது. இஸ்திரி மேஜையில் நின்றபடியே கண் சொருகும். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரின் சட்டை முதுகில் பெட்டியை வைத்தவள் எடுக்க மறந்தாள். புகை வந்த பிறகு குண்டக்கா ஓடிவந்து தூக்கினாள்.

கடை முதலாளி அதிகம் பேசமாட்டார். "உன் கை சுத்தம்னுதான் வெச்சிருக்கேன். இன்னொரு சட்டை கருகுச்சுன்னா நீ வேற இடம் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அண்ணனுக்கு இது கெட்ட செய்தியாகத் தெரியவில்லை. "உடம்பு முடியலைன்னா எதுக்கு வேலை? வீட்லயே இரு" என்றார். அண்ணி தலையாட்டினாள். தங்கைக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கடை போனால் குண்டக்கா போனாள், சிரிப்பு போனது, மாதம் பிறந்தால் கைக்கு வரும் சொந்தச் சம்பளம் போனது. மிச்சம் இருக்கப் போவது ஒரு வாளி, ஒரு துடைப்பான், மூளை சரியில்லாதவள் என்ற பெயர். அதற்குப் பிறகு அவள் எதைச் சொன்னாலும் யாரும் நம்ப வேண்டியதில்லை. அவளுக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. ஒருவேளை என் தலைக்குள்தான் அடிக்கிறதோ?

விடை இஸ்திரி மேஜைக்கு அடியில் கிடந்தது. அங்கே தரையில் எப்போதும் ஒரு தடித்த ரப்பர் விரிப்பு இருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் மேல்தான் நிற்கிறாள். ஒரு நாள் விரிப்பைக் கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவள், வெறுந்தரையில் நின்று இஸ்திரிப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

"அடியே, கையை எடு!" குண்டக்கா கத்திய கத்தில் முதலாளியே எட்டிப் பார்த்தார். "வெறுங்காலோட நிக்கிறியே, செத்துத் தொலையப் போறியா?"

"பெட்டி நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். என்னிக்காவது உள்ள வயரு நைஞ்சுபோயிருந்தா? அடியில ரப்பர் இருந்தா கரண்டுக்கு உன் வழியா போக இடமில்ல. வெறுங்கால்னா, அதுவும் ஈரத்துல நின்னா, நீதாண்டி அதுக்கு ரோடு. இந்த விரிப்பைப் போடச் சொல்லி முன்னாடி இருந்த பொம்பளைங்க முதலாளிகிட்ட எவ்வளவு சண்டை போட்டாங்க தெரியுமா? ஒருத்திக்குக் கை போனதுக்கு அப்புறம்தான் வந்துச்சு."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஹால் கண் முன்னால் வந்தது. துடைத்த ஈரத்தரை. சோபாவில் ரிமோட். இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு. நடுவில் இரண்டு வெறுங்கால்.

"என்னடி சிரிக்கிற?" என்றாள் குண்டக்கா.

"எனக்குப் பைத்தியம் இல்லக்கா."

"அதை நான் எப்ப சொன்னேன்?"

அன்றோடு மாத்திரையை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் சோபாவில் இருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஹாலைத் துடைத்தாள், வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர் விட்டு. வாளியை ஓரமாக வைத்துவிட்டு, வெளியே போட்டுக்கொண்டு போகும் தன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டியிருந்த சுவர் ஓரம் நின்றாள்.

"வீட்டுக்குள்ள என்ன செருப்பு?" என்றார் அண்ணன்.

"நீங்க போட்டிருக்கீங்களே."

"எனக்குக் குதிகால் வலி."

"சரி. கொஞ்ச நேரம் அதைக் கழட்டிட்டு வாங்க அண்ணே. இந்த ஈரத்துல வெறுங்காலோட நின்னு பெட்டியைத் தொடுங்க. ஒண்ணும் ஆகலைன்னா நான் நாளைக்கே வேலையை விட்டுடறேன். நீங்க சொல்ற மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிடறேன்."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் காலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?"

"நான் தினமும் விளையாடினதுதானே. ஒரு நாள் நீங்க விளையாடுங்க."

"எனக்குக் குதிகால் வலின்னு சொல்றேன்ல?"

"தொடுறதுக்குக் குதிகால் எதுக்கு அண்ணே?"

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவர் காலை மட்டும் அசைத்திருந்தால் அந்த நொடியே பிளக்கைப் பிடுங்கியிருப்பேன் என்று மறுநாள் குண்டக்காவிடம் சொன்னாள். பிடுங்க வேண்டிய தேவை வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று அத்தனை நாள் ஊரைக் கூட்டிச் சிரித்த மனிதர், ஒன்றும் ஆகாது என்பதை நம்பி ஒரு செருப்பைக் கழற்ற மறுத்தார். அவருக்கு உள்ளூர எப்போதிலிருந்து தெரியும் என்பது எனக்குத் தெரியாது. தன் தங்கை பைத்தியம் என்று நம்புவது எளிதாக இருந்தது. தன் கொறடு தப்பு செய்தது என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

அண்ணிதான் அசைந்தாள். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், நேராக வந்து சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவினாள். பாட்டு பாதியில் அறுந்தது. கையில் வைத்து அதைத் திருப்பிப் பார்த்தாள். முறிந்த முனை இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

"ஏங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

எலக்ட்ரீஷியன் சாயங்காலம் வந்தான். பூவையும் துணியையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தான். குவளையிலிருந்து சிந்திய தண்ணீர் ஓட்டை வழியாக இறங்கி உள்ளே துருவாக வழிந்திருந்தது. காற்றில்லாமல் சூடேறி ஒரு வயரின் தோல் வெடித்து, இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதுமேல தண்ணியே வைக்கக் கூடாது சார். சுத்தி நாலு விரல் காத்து போகணும். மூணு முனை பிளக்கை எர்த் இருக்கிற சுவர் பாயின்ட்லதான் போடணும். துடைக்கிறதுன்னா பிளக்கை உருவிட்டு, காஞ்ச துணியால. இதெல்லாம் புக்குலயே போட்டிருப்பாங்களே?"

மேஜைக்கால் அமைதியாக இருந்தது.

"இவ்வளவு லீக் இருக்கு. யாரையாவது அடிச்சிருக்கணுமே சார்?"

"இல்லப்பா. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன்.

"என்னை அடிச்சுது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

எலக்ட்ரீஷியன் ஸ்குரூடிரைவரோடு திரும்பினான். "எங்க நின்னுட்டு இருந்தீங்கக்கா? கால்ல ஏதாவது போட்டிருந்தீங்களா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அலமாரிக்கு முன்னால், தினமும் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள்.

"இங்க. வெறுங்கால். தரை ஈரம்."

"தப்பிச்சீங்க" என்றான் அவன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா அண்ணே? ஆள் பாத்துத்தான் அடிச்சிருக்கு."

அண்ணன் சோபாவில் கிடந்த ரிமோட்டை எடுத்து அமுக்கினார். பெட்டி மேஜைமேல் திறந்து கிடந்தது. அவர் மறுபடி அமுக்கினார்.