அக்காவின் ஒன்பதாம் வகுப்பும் என் முப்பத்தாறு மார்க்கும்

திருவானைக்காவலில் சொந்தமாக மூன்று மாடி வீடு. காட்டூர் பக்கம் அடுத்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்தது நாற்பதுக்குக் குறையாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் எத்தனை என்று எனக்கே நினைவில்லை. ஒன்றுகூட இன்றுவரை ஒழுகியதில்லை. அப்பா காசு கொடுக்கவில்லை, பெரிய இடத்துச் சிபாரிசு இல்லை, பத்தாவதில் இரண்டு தடவை பெயில். இத்தனையும் கட்டினேன். ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது எது என்று கேட்டால், என் அக்காவின் படிப்பு என்றுதான் சொல்வேன். சிரிக்காமல் முழுதாகக் கேளுங்கள்.

எழுபத்தொன்பது, எண்பது வாக்கில் நடந்தது. அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடம் வீணானதில் எட்டாம் வகுப்பில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவள் முதல் ரேங்க். நான் கடைசியிலிருந்து இரண்டாவது. எனக்கும் கீழே ஒருவன் இருந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. ஒன்பதாவது என்றால் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் எடை போடுகிற வேலை. ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான். அரைப் பரீட்சை மார்க் வந்த வாரம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "தம்பி போனான்னா அவன்கூட இவளும் போகட்டும். வயசுக்கு வந்த பொண்ணத் தனியா பஸ்ல அனுப்ப மாட்டேன்."

அக்கா அதைக் கேட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பரீட்சையில் கணக்கில் நான் வாங்கியிருந்தது பதினேழு.

எனக்கோ பாஸாகும் யோசனையே கிடையாது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மேஸ்திரி. பெயிலானால் தன்னோடு வேலைக்கு வந்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். சைக்கிள் கேரியரில் ஊர் சுற்றலாம், மத்தியானம் ஓட்டல் சாப்பாடு. பெயிலாவதற்கு நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதுவரை தன் புத்தகத்தை நான் தொட்டால் கையைத் தட்டிவிடுகிற அக்கா, திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமா மணப்பாறையிலிருந்து வாங்கி வரும் முறுக்கில் தன் பங்கை எனக்குக் கொடுத்தாள். ஒரு பாடத்துக்கு ஒரு முறுக்கு. சரித்திரத்துக்கு இரண்டு கேட்டேன், கொடுத்தாள். என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

எட்டாம் வகுப்புப் பாடம் லேசுப்பட்டதில்லை. இங்கிலீஷில் லீவு லெட்டரை முழுசாக மனப்பாடம் செய்ய வைத்தாள். நெம்புகோலுக்கு மாமாவின் கடப்பாரையைக் கொண்டுவந்து அம்மிக்கல்லைப் புரட்டிக் காட்டினாள். "பிரெஞ்சுக்காரன் நம்ம ஸ்ரீரங்கத்துலதான்டா வந்து தங்கினான், இங்கிலீஷ்காரன் அந்தாண்ட மலைக்கோட்டைல" என்று சொன்னபோதுதான் சரித்திரம் எங்கள் ஊர்ச் சண்டை என்று தெரிந்தது. இந்திய மேப்பில் நான் காவிரியைக் கல்கத்தா பக்கம் விட்டபோது தலையில் குட்டினாள்.

உருளையின் கனஅளவு மட்டும் ஏறவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா வட்டத் தொட்டி கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு என்னை இழுத்துப் போனாள். அகலத்தை அளக்கச் சொல்லிப் பாதியாக்கினாள். உயரத்தை அளக்கச் சொன்னாள். கரித்துண்டால் சுவரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினாள். மறுபடி என்னைப் போடச் சொன்னாள். விடை வந்துவிட்டது! தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று நான் சொன்னதும் மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"யார்ரா சொல்லிக் குடுத்தா?"

"நானேதான் மாமா."

அக்கா கரித்துண்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பலே ஆளுடா! நீ பெயிலானதும் நேரா இங்க வந்துடு" என்றார் மாமா. அக்காவின் முகம் செத்துவிட்டது. அது எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது.

முழுப் பரீட்சையில் கணக்குதான் கடைசி. பெண்கள் மேற்கு ஜன்னல் பக்கம், நாங்கள் கிழக்குப் பக்கம். தெரிந்ததை எழுதிவிட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் முப்பத்தொன்று. நிம்மதியாக இருந்தது. மீதி ஒரே ஒரு கணக்கு, ஐந்து மார்க்: ஆரம் ஏழு அடி, உயரம் பத்து அடி உள்ள தொட்டி. எனக்குத் தெரிந்த கணக்குதான். எழுதாமல் பேப்பரைக் கொடுக்க எழுந்தேன்.

அப்போது அக்காவைப் பார்த்தேன். அவளுடைய பேப்பர் மூடிக் கிடந்தது. என் பக்கம் திரும்பி, பெஞ்சுக்கு அடியில் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

அம்மனை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். முதல் ரேங்க்காரிக்கு அந்தத் தொட்டிக் கணக்கு வரவில்லை போலிருக்கிறது! அவளுக்கே வராதது எனக்கு வருகிறதா? அந்த மிதப்பில் உட்கார்ந்து எழுதினேன். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது கன அடி. பெரிதாக எழுதி இரண்டு கோடும் போட்டேன்.

முப்பத்தாறு வந்தது. பாஸானவர்கள் பெயரை சார் வராந்தாவில் நின்று வாசித்தார். தன் பெயர் வந்தபோது அக்கா அசையவில்லை. என் பெயர் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். முதல் ரேங்க் வாங்கியவள் எதற்கு அழுகிறாள் என்று புரியாமல், டவுசர் பையில் இருந்த அரை முறுக்கைக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றாள். அன்று சாயங்காலம் அப்பா சொன்னார்: "சரி, ரெண்டு பேருக்கும் பஸ் பாஸ் எடுத்துரலாம்." அம்மா மூச்சு விட்டது வாசல்வரை கேட்டது. வேலைக்குப் போக முடியவில்லையே என்று வீட்டில் துக்கமாக இருந்தது நான் ஒருவன்தான்.

போன வருடம் அதே பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தேன். நூல் பிடிக்கும்போது திசையைப் பார்த்தேன். அம்மன் கோயில், பள்ளிக்கூடத்துக்கு மேற்கே இருக்கிறது. அக்கா உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே. அன்றைக்கு அவள் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கும்பிட்டிருக்கிறாள். அவள் கும்பிட்ட பக்கத்தில் என்னைத் தவிர வேறு சாமி இல்லை.

அடுத்த மாதம் அக்கா தலைமையாசிரியையாக ஓய்வு பெறுகிறாள். பாராட்டு விழா அழைப்பிதழில் பந்தல் உபயம் என்று என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். பந்தல் யார் வேண்டுமானாலும் போடலாம். அந்தத் தொட்டிக் கணக்கை எழுதியது நான். அதைப் போட்டு, வேறு அழைப்பிதழ் அடியுங்கள்.