விசா வேண்டாத ஊர்

மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் எங்களுக்கு ஒரு கடை இருந்தது. முன்பக்கம் டெலிபோன் பூத்தும் ஜெராக்ஸும். பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் உலக வரைபடம். அப்பா வாடகைக் கார் ஓட்டினார். கடை அம்மாவுடையது. ரயில், விமானம் எதுவானாலும் அம்மாதான் டிக்கெட் போடுவாள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் விசா வேண்டும், எங்கே வேண்டாம் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. அது எனக்கு விசித்திரமாகப் பட்டதில்லை. டெலிபோன் பூத் வைத்திருப்பவர்கள் எல்லா ஊருக்கும் பேச வேண்டும் என்றா இருக்கிறது?

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் கடைக்கு மாடியில் ஓர் இஸ்ரேல்காரன் குடியிருந்தான். பெயர் அமித். பெயரைக் கேட்டுவிட்டு, சேட்டு வீட்டுப் பிள்ளை போல என்று தெருவில் பலர் இந்தியில் பேசிப் பார்த்தார்கள். அவனுடைய ஊரிலும் அந்தப் பெயர் உண்டாம். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். மூன்று மாதம் என்று வந்தவன் ஆறு மாதம் ஆகியும் போகவில்லை. அம்மாவை அக்கா என்பான். எனக்குத் தண்ணீரில் மிதக்கக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லி, அலையைப் பார்த்ததும் என்னைவிட முன்னால் கரைக்கு ஓடிவருவான்.

அவனுடைய அப்பா வாரம் ஒருமுறை எங்கள் பூத்துக்குப் போன் செய்வார். அமித் கீழே இறங்கி வரமாட்டான். அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாள். பிறகு போனில் அவன் குளிக்கிறான் என்பாள், கடலுக்குப் போயிருக்கிறான் என்பாள். கொஞ்ச நாளில் அவருக்கும் புரிந்துவிட்டது. அமித்தைக் கேட்பதை விட்டுவிட்டு அம்மாவிடமே பேச ஆரம்பித்தார். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. காய்கறிக் கடை வைத்திருந்தார் என்பதால் இரண்டு பேரும் பெரும்பாலும் வெங்காய விலை பேசினார்கள்.

சண்டை என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா அப்பாவிடம் சொல்லும்போது கேட்டதுதான். அமித்தின் அம்மா இறந்து வருஷம் திரும்புவதற்குள் அவனுடைய அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டாராம். இவன் யாரிடமும் சொல்லாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டானாம்.

“அவரு இங்க வந்தா நான் ஓடிடுவேங்கறான். அவன் அங்க போகமாட்டான். ரெண்டு பேர் ஊரும் இல்லாத மூணாவது ஊரு ஒண்ணு வேணும்” என்றாள் அம்மா.

அந்த மூன்றாவது ஊரைத் தேடி அம்மா வரைபடத்தின் முன்னால் நின்றது ஞாபகம் இருக்கிறது. காய்கறிக் கடைக்காரரால் கடையை அதிக நாள் மூட முடியாது. தூதரக வாசலில் நிற்கவும் நேரமில்லை. அதனால் இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்காத இடமாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நேராக விமானம் இருக்க வேண்டும். அம்மாவின் விரல் பாங்காக்கில் போய் நின்றது.

அமித்தின் அப்பா நம்பவில்லை. விசா இல்லாமல் எப்படி விடுவார்கள், வாசலில் யாராவது ஏதாவது கேட்பார்களே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கொஞ்ச நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஒரு முத்திரை குத்துவார்கள், அவ்வளவுதான் என்று அம்மா பொறுமையாகச் சொன்னாள். திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். தங்கும் ஓட்டல் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அமித்தின் பாஸ்போர்ட்டை அவளே வாங்கிப் பார்த்தாள். வெளியே போனால் இந்தியாவுக்குத் திரும்பி வர முடியுமா என்று அதிலிருந்த விசாவை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். வரலாம்.

ஓட்டலில் இரண்டு அறை போடச் சொன்னது அம்மாதான். அப்பனுக்கும் மகனுக்கும் எதுக்கு ரெண்டு ரூம் என்று என் அப்பா கேட்டார்.

“ஒரே ரூம்னா மொத நாளே சண்டை வரும். கதவ சாத்திக்கினு உக்கார ஆளுக்கு ஒரு எடம் வேணும். நாலு நாள் போதும். அதுக்கு மேலன்னா பழசெல்லாம் வெளிய வரும்” என்றாள்.

அமித் எப்படிச் சம்மதித்தான் என்று தெரியவில்லை. டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

புறப்பட்ட அன்று பள்ளி விடுமுறை. அப்பாவின் காரில் எல்லோருமே போனோம். விமான நிலையம் பார்க்கலாம் என்று எனக்கு ஒரே குஷி. முட்டுக்காடு வந்ததும் அமித் வண்டியை நிறுத்தச் சொன்னான். இளநீர் குடிக்கத்தான் என்று நினைத்தோம். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் மாமல்லபுரம் போகிற பஸ்ஸுக்காக நின்றான். அங்கே இறால் கூடையோடு நின்ற பெண்கள் அவனுக்குக் கொஞ்சம் நிழல் விட்டு நகர்ந்தார்கள்.

“இன்னாம்மா இவன், பஸ்ஸுக்கு நிக்கிறான்?” என்றார் அப்பா. “டிக்கெட் காசு அம்போதான்.”

அம்மா என்னைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். சாலைக்கு அந்தப் பக்கம் இருவரும் நின்று பேசினார்கள். முதலில் அவள் மெதுவாகத்தான் பேசினாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அவள் வானத்தைக் கையால் காட்டினாள். அவனுடைய அப்பா அந்நேரம் விமானத்தில் இருந்தார் என்பது எனக்கும் தெரியும். அப்போதும் அவன் அசையவில்லை. தூரத்தில் பஸ் வந்தது.

அம்மாவின் குரல் உயர்ந்தது. கடல்காற்றும் லாரிகளும் போக, எனக்குச் சில சொற்கள்தான் கிடைத்தன. செங்கல்பட்டு என்றாள். ஒன் அவர் என்றாள். நோ விசா என்று இரண்டு தடவை சொன்னாள். பாங்காக் பிடிக்கவில்லை என்றால் செங்கல்பட்டுக்குப் போகலாம், அதற்கும் விசா வேண்டாம், ஒரு மணி நேரம்தான் என்று அவனுக்கு வழி சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவனைப் போயும் போயும் செங்கல்பட்டுக்கு அனுப்புகிறாளே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. அப்பாவிடம் சொல்லத் திரும்பினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்து நின்றது. பெண்கள் கூடையோடு ஏறினார்கள். கண்டக்டர், “வரியா இல்லியாப்பா?” என்று கத்தினார். அமித் ஏறவில்லை. பஸ் போன பிறகு பார்த்தால் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பையை அவன் தோளிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க, அவன் பின்னால் வந்தான். விமான நிலையம் வரை பையை அம்மாவே மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு விமானமும் சரியாகத் தெரியவில்லை, மதில் சுவர்தான் தெரிந்தது.

சொன்னபடி அமித் திரும்பி வந்தான். மூன்றாம் நாள் பெரிய சண்டையாம். ஆளுக்கு ஓர் அறை இருந்ததால் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். மறுநாள் காலையில் அவனுடைய அப்பா வந்து கதவைத் தட்டினாராம். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவர் கொடுத்தனுப்பிய ஏலக்காய் போட்ட காப்பித்தூளை அம்மா கலந்து தந்தாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, கஷாயம் என்றார். அடுத்த இரண்டு மாதத்தில் அமித் ஊருக்கே போய்விட்டான்.

அவன் போன பிறகு ஒருநாள் மத்தியானம், அம்மா பூத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் செய்தாள். மேஜையிலேயே ஒரு போன் இருக்கும்போது எதற்கு அங்கே போனாள் என்று தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை என்னை நல்ல கவுன் போடச் சொல்லிச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள். காரில் கொண்டுவிடுகிறேன் என்று அப்பா சொன்னதற்கு வேண்டாம் என்றாள். அவர் பஸ் கிளம்பும்வரை வெயிலில் நின்றார்.

“சாயங்காலத்துக்குள்ள வந்துடுவ இல்ல?” என்றார் ஜன்னல் வழியாக. வேறு எந்த ஊருக்கு அனுப்பும்போதும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் ஓட்டல். உள்ளே ஒரு வயதானவர் குடையை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் என்னை எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். எனக்கு ரவா தோசை சொன்னார். அதைத் தின்று முடிப்பதற்குள், நான் கேட்காமலே இன்னொன்று சொன்னார். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. மழை, ஏரி நிரம்பியது, வீட்டுக்கு ஓடு மாற்றியது என்று இரண்டிரண்டு சொல். அம்மா அவரை ‘நீங்க’ என்றாள். அவருடைய காப்பி ஆறி ஆடை கட்டியது. சண்டை எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

அவர் பஸ் வரைக்கும் வந்தார். ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொய்யாப்பழம் கொடுத்தார். கண்டக்டரிடம், “கொழந்த கீது, பார்த்து எறக்கி வுடுப்பா” என்றார். அம்மா கூட இருக்கும்போது எனக்கு எதற்குக் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் யார் என்று கேட்டேன்.

“டிக்கெட் விஷயமா வந்தவரு” என்றாள் அம்மா.

“எங்க போறாராம்?”

“இன்னும் முடிவு பண்ணலையாம்.”

அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. பேசாமல் தாய்லாந்து போகச் சொல்லும்மா, அங்கே விசாவே வேண்டாம் என்றேன். அம்மா சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நான் சொன்னது அவ்வளவு நல்ல ஜோக் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. அம்மா அடுப்பங்கரைக்குள் போவதற்காகக் காத்திருந்துவிட்டு, “அவரு என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?” என்றார்.

டிக்கெட் வாங்க வந்தவர் அப்பாவைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்? இல்லையே என்றேன். அப்பா தலையை ஆட்டினார். தன் தட்டில் இருந்த வஞ்சிர மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். ஜோக் அவருக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.