மாமியின் கொண்டையும் ஒரு மக்பையும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு வசந்தகாலம் முழுக்க மெல்பேர்னில் எங்கள் கிரான்பர்ன் வீட்டில் மாமியின் தொண்டையைப் பற்றித்தான் பேச்சு. அதற்குள் ஏதோ சிக்கியிருக்கிறது என்று மாமி சொன்னார். ஒன்றுமே இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். இரண்டு பக்கத்தையும் நம்ப வேண்டிய நிலையில் இருந்த அப்பாதான் பாவம்.

மாமி அப்பாவின் தமக்கை. யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து எங்களோடு இருந்தார். மாமா, ஊரில் சண்டை முடிகிற காலத்தில் காணாமல் போனவர். பள்ளிக்கூடத்தில் என்னுடைய குளிர் ஜம்பரும் அடிக்கடி காணாமல் போகும். தொலைந்த சாமான்கள் போடுகிற பெட்டியைக் கிளறினால் அடியில் கிடக்கும். மாமாவின் விஷயத்தையும் நான் ஏறக்குறைய அப்படித்தான் விளங்கி வைத்திருந்தேன். வீட்டில் ஒருவரும் அந்தக் கதையை எடுப்பதில்லை, மாமியும் எடுப்பதில்லை. நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் தலையில் இறுக்கி முடிந்த கொண்டையுமாக, இப்போதே யாரோ படலையைத் திறந்துகொண்டு வரப்போகிறார்கள் என்பதுபோல எந்த நேரமும் ஆயத்தமாக இருப்பார். அந்தக் கொண்டை அவிழ்ந்து நான் பார்த்ததே கிடையாது. முழுகிய நாட்களிலும் துவாயைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், திரும்பி வரும்போது கொண்டையோடுதான் வருவார்.

குளிர்காலத்தில்தான் தொண்டைக் கதை தொடங்கியது. முதலில் இறைச்சி இறங்கவில்லை, பிறகு சோறு, பிறகு பாண். காலையில் புட்டில்லாவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற மனிசி, கஞ்சியையும் சூப்பையும் குடித்துக்கொண்டு காலம் தள்ளினார். அம்மா அவருடைய சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கமெராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றதும் அப்பா வரும் வழியில் சந்தோஷத்தில் கேக் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் கேக்கை மாமியைத் தவிர எல்லாரும் சாப்பிட்டோம்.

"ஒண்டுமில்லையாம்," என்று மாமி ஒரு கிழமைக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள் என்கிற கோபம். ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போனார். இப்படியே போனால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தது, கதவுக்குப் பின்னால் நின்ற என் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஸ்பிரிங்வேலில் மீன் வாங்குகிற கடைக்குப் பக்கத்தில் ஒரு சீன வைத்தியசாலை இருந்தது. அங்கே காட்டிப் பார்ப்போம் என்பது அம்மாவின் யோசனை. அப்பா எஞ்சினியர். படத்தில் விழாத நோயையும் நம்பமாட்டார், படம் எடுக்காத வைத்தியத்தையும் நம்பமாட்டார். தன் எதிர்ப்பைக் காட்ட அவர் காருக்குள்ளேயே இருந்துவிட்டார். அம்மா மீனை வெட்டக் கொடுத்துவிட்டு வாறேன் என்று ஓடிவிட, மொழிபெயர்ப்பு வேலை முழுக்க என் தலையில் விழுந்தது.

வைத்தியர் ஒரு பெண், அம்மாவைவிடக் கொஞ்சம் வயது கூட. நாக்கை நீட்டச் சொன்னார். முன்பின் தெரியாத ஆளுக்கு நாக்கை நீட்டுவதா என்று மாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் மூன்று விரலை வைத்து நாடி பிடித்ததும் மாமியின் முகம் மாறிவிட்டது. "எங்கட ஊர்ப் பரியாரியார் நாடி பிடிக்கிற மாதிரியே பிடிக்கிறா," என்று எனக்குச் சொல்லிவிட்டு, தானாகவே நாக்கை நீட்டினார்.

தொண்டையில் ஒரு பழக்கொட்டை சிக்கினமாதிரி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். அவர் சொன்ன பழத்துக்கு எனக்குத் தமிழ் தெரியாததால் புளியங்கொட்டை என்று சொல்லி வைத்தேன். மாமி கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அதுதான்! அதேதான்!" இத்தனை மாதத்தில் தன்னை நம்பிய முதல் ஆள் அந்தச் சீனப் பெண்தான் என்கிற சந்தோஷம் அவருக்கு.

பிறகு வைத்தியர் சொன்னதை என்னால் இயன்றவரை தமிழில் சொன்னேன். வசந்தம் ஈரலின் காலமாம். மரம் தளிர்க்கிறதுபோல உடம்புக்குள் இருப்பதும் மேலெழும்பப் பார்க்குமாம். அதைக் கட்டி வைத்தால் தொண்டையில் வந்து நின்றுகொள்ளுமாம். ஆகவே விடிய வேளைக்கு எழும்ப வேண்டும். கால்களை அகல எட்டிவைத்து நடக்க வேண்டும். பச்சை இலைகள் நிறையச் சாப்பிட வேண்டும், புளிப்பைக் குறைக்க வேண்டும். வெயிலைக் கண்டு ஏமாந்து குளிருடுப்பைக் கழற்றக் கூடாது. கழுத்தில் காற்றுப் படக் கூடாது. கோபத்தை உள்ளே அடக்கி வைக்கக் கூடாது. கடைசியாக வைத்தியர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். காலையில் நடக்கும்போது தலைமயிரை அவிழ்த்து விட வேண்டும். வசந்தத்தில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது என்பது அவர்களுடைய பழைய முறையாம்.

புளியைக் குறைத்து எப்படிக் குழம்பு வைப்பது என்று மாமி கொஞ்சம் வாதாடினார். பிறகு ஒத்துக்கொண்டார். "எனக்கு ஆரோட கோவம்? ஒருத்தரோடையும் இல்லை," என்று கோபமாகவே சொன்னார். கொண்டை விஷயத்துக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "அது மட்டும் ஏலாது எண்டு சொல்லு பிள்ளை. செத்த வீட்டிலதான் தலையை விரிக்கிறது."

நான் அதை அப்படியே சொன்னேன். வைத்தியர் அவசரமில்லை என்றார். மருந்துத் தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மற்ற எல்லாவற்றையும் மாமி ஒரு விரதம் பிடிப்பதுபோல ஒழுங்காகச் செய்தார். கீரையைக் கடைந்து குடித்தார். கழுத்தில் மப்ளரைச் சுற்றினார். விடிந்ததும் என்னையும் எழுப்பிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். எங்கள் வளவில் நாலு எட்டு வைத்தால் வேலி வந்துவிடும் என்பதால் பக்கத்துப் பூங்காவுக்குத்தான் போனோம். சேலைக்கு மேலே குளிர்ச் சட்டை, காலில் அப்பாவின் பழைய ஓட்டச் சப்பாத்து. சேலையில் அகல எட்டிவைப்பது லேசான வேலை இல்லை. கொய்யக மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மாமி போகிற வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. ஆனால் கொட்டை அசையவில்லை. கிழமைகள் போயும் கஞ்சிதான்.

வசந்தத்தில் மெல்பேர்னில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மக்பை என்கிற கறுப்பு வெள்ளைப் பறவை குஞ்சு பொரிக்கிற காலம் அது. கூட்டுக்குப் பக்கத்தில் போகிறவர்களைப் பின்னால் பறந்து வந்து தலையில் கொத்தும். அதனால் நான் என் சைக்கிள் தொப்பியில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டிகளை முள்ளு முள்ளாக நிற்கக் கட்டிக்கொண்டுதான் போவேன். ஐஸ்கிரீம் வாளியில் பறவை பயப்பட இரண்டு கண் கீறி மாமிக்கும் தலையில் கவிழ்க்கக் கொடுத்தேன். காகத்துக்குப் பயந்து வாளி கவிழ்க்கிற பரம்பரை இல்லை எங்கள் பரம்பரை என்று சொல்லிவிட்டார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய யூக்கலிப்டஸ் மரத்தைத் தாண்டும்போது பின்னால் சிறகடிக்கிற சத்தம் கேட்டது. என் முள்ளுத் தொப்பியைக் கண்டு அது விலகிக்கொண்டது. மாமியின் கொண்டை அதற்கு வசதியாக இருந்தது. ஒரே இழுவை. கொண்டை ஊசிகள் புல்லுக்குள் சிதறின. மாமியின் தலைமயிர் குலைந்து இடுப்புவரை விழுந்தது. பாதி நரை, பாதி கறுப்பு. அவ்வளவு தலைமயிர் அந்தக் கொண்டைக்குள் இருந்ததென்று எனக்குத் தெரியாது.

மாமி அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் தலையைத் தடவினார். திரும்பிப் பார்த்தார். பறவை விளக்குக் கம்பத்தின் உச்சியில் போய் இருந்துகொண்டு அவரைப் பார்த்தது.

அப்போதுதான் தொடங்கினார். "கோதாரி விழுந்தவனே!" என்று முதல் சொல் வந்தது. மாமிக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறதென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மப்ளரைக் கழற்றி எறிந்தார். கையை நீட்டி, காலை அகல வைத்து, தலையை விரித்துப்போட்டபடி அந்தக் கம்பத்தைப் பார்த்து ஏசினார், ஏசினார், அப்படி ஏசினார். பூங்காவின் அந்தக் கரையிலிருந்த நாய்கள் குரைக்கத் தொடங்கின. நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று முழுதாகக் கேட்டுவிட்டு, "குட் ஆன் யூ," என்று பாராட்டித் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் எத்தனையோ பேரைக் கொத்திய பறவைக்குக் கடைசியில் எங்கள் வீட்டு ஆள் பதில் சொல்லிவிட்டார்.

ஏசி முடிந்ததும் மாமி ஒரு பெரிய மூச்சு விட்டார். ஊசிகளைத் தேடவில்லை. விரித்த தலையோடு, கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு நடுவே வீட்டுக்கு நடந்தார். நான் மப்ளரைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஐயோ மச்சாள்! ஆருக்கு என்ன நடந்தது?" ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்துவிட்டது என்று பதறிப்போனார். அப்பாவும் ஓடி வந்தார்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. எனக்குப் பசிக்குது," என்றார் மாமி. "புட்டு இருக்கோ?"

இருந்தது. எங்களுக்கென்று அவித்த புட்டு. அம்மா கஞ்சிக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் குசினியிலிருந்து புட்டைக் கொண்டுவந்து வைத்தார். மாமி முதல் வாயை எடுத்து வைத்தபோது, கடைசிப் பந்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சனம்போல நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மாமி மென்றார். விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் வெட்டின கையாம் என்றார். அன்றைக்கு அவர் வெங்காயம் வெட்டவே இல்லை. அடுத்த சனிக்கிழமை காரைப் பூட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் வைத்தியசாலைக்குள் நுழைந்தவரும் அவர்தான்.

மேசையில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் உசார் வந்துவிட்டது. கதிரையில் ஏறி நின்று, மாமி ஏசியதை அதே குரலில் நடித்துக் காட்டினேன். கோதாரி விழுந்தவனே வந்தது, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்ததையும் நான் மறக்கவில்லை. கையை நீட்டி, குரலை இன்னும் உயர்த்திச் சொன்னேன்.

"போறதெண்டா ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போனா என்ன? சோத்தை மூடிவைச்சுக்கொண்டு நான் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருக்கிறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தட்டைப் பார்த்தார். அம்மா மெதுவாக எழும்பிப் போய் மாமியின் விரித்த தலைமயிரை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். மாமி மட்டும் தலை நிமிராமல், கறிச் சட்டியை இங்கால தள்ளு பிள்ளை என்றார்.

கடைசி இடத்தில் நான் சரியாக நடிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். போனதற்காக மாமி ஏசி முடிக்கும்வரை அந்தப் பறவை கம்பத்தை விட்டு எங்கேயும் போகவில்லையே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.