என் தம்பி பிடிக்கிற கயிறு

போன வருஷம் திண்டுக்கல்லில், லீக் ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து ஒரு ஹாக்கிப் போட்டி நடத்தினார்கள். இடைவேளையில் மலைவாழ் மக்களைக் கௌரவிக்கப் போகிறார்களாம். சிறுமலைப் பளியர்களான எங்களை அழைத்துப்போக வேன் வந்தது. இத்தனை நாள் இல்லாத கௌரவம் வேனில் வந்து இறங்கினால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் போனேன். பள்ளிக்கூட அணியில் கோல்கீப்பராக நின்றவள் நான். அதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் தேனெடுப்பவர். கேலரியின் உச்சிச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கி, பாதி உயரத்தில் தொங்குகிற தெர்மாகோல் தேனடையை அவர் வெட்ட வேண்டும். அதுதான் நிகழ்ச்சி. கூட வந்த என் தம்பி ஜீன்ஸும் டீ-சர்ட்டும் போட்டிருந்தான். விழா நடத்துகிறவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாத்தா ஆதிவாசி மாதிரியே இல்லையேப்பா. நீ போயி கூட்டத்தோட உக்காரு" என்று அனுப்பிவிட்டார். வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

இடைவேளை விட்டதும் நாங்கள் மேலே ஏறினோம். வீட்டுக்காரர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு காலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார். அப்போது சிறப்பு விருந்தினர் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

எங்களில், தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டோம். மச்சான் மட்டும் கயிற்றை விட மாட்டான். விட்டால் தாலி அறுப்பது அவன் அக்காள்.

"கயித்த விடுங்கய்யா" என்றேன்.

விழா நடத்துகிறவர் பதறிப்போய் என் காதருகே வந்தார். "என்னம்மா இது? ஐயாவே புடிக்கிறாரு, எம்புட்டுப் பெரிய மரியாதை!"

"அவரு போட்டோவுக்குப் புடிக்கிறாரு. கை வலிச்சா விட்டுருவாரு. தாலி அறுக்கப் போறது நானு."

விருந்தினருக்கு முகம் சுருங்கியது. சமாளித்துக்கொண்டு, "என்னைய உன் கூடப்பிறந்தவனா நெனச்சுக்கம்மா" என்றார்.

"சரிங்கய்யா. நாளைக்கு மலைக்கு வாங்க. எங்களோட தரையில உக்காந்து, எங்க சட்டியில ஆக்குனதச் சாப்பிடுங்க. பொறவு கயிறு புடிக்கலாம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார்.

அம்புட்டுப் பேருக்கு முன்னால் நான் பேசியதே இல்லை. பயமாகத்தான் இருந்தது, அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு நிற்க முடியுமா? தம்பியைப் பேர் சொல்லிக் கத்தினேன். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தவன், கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை விழா நடத்துகிறவரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை இடுப்பில் சுற்றினான். சுவரில் காலை ஊன்றிக்கொண்டான். வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கினார். கூட்டம் கைதட்டியது.

போட்டோ எடுக்கிறவர் மட்டும் தலையைச் சொறிந்தார். "அந்த ஜீன்ஸ் போட்ட தம்பி நடுவுல வர்றாரு. செத்த நேரம் விலகச் சொல்லுங்கக்கா, படம் கெடுது."

"அவன் விலகுனா எம் புருசன் செத்துப் போவாரு" என்றேன். "எடுக்கிறதா இருந்தா அவனையும் சேத்து எடு. நாங்க இப்படித்தான் இருப்போம்."