காஜாவின் சங்கிலிகள்

இங்கே திராட்சையைத் தின்று பார்த்து வாங்க முடியாது. ஜெர்மனிக்கு வந்த புதிதில் கடையில் ஒரு குலையிலிருந்து பழத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். கடைக்காரம்மாள் நீளமாக ஏதோ சொன்னார். ருசி எப்படி என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, நன்றாயிருக்கிறது என்பதற்கு ஜெர்மனில் 'கூட், கூட்' என்று தலையாட்டினேன். அவர் முகம் இன்னும் சிவந்தது. பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தவன் காஜா மைதீன், உத்தமபாளையத்துக்காரன். எனக்கு முன்பே வந்து அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தான். நான் கம்பத்தை ஒட்டிய சுருளிப்பட்டி, அவன் ஊருக்குப் பக்கம். அந்த நகரத்தில் தமிழ் பேச எனக்கு அவன் ஒருவன்தான். வயிறெரியவும் அவன் ஒருவன்தான்.

எங்கள் வேலை பாலிமர் செய்வது. சின்னச் சின்ன மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்தால் அது சங்கிலி. சும்மா விட்டால் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் வளரும். எல்லாம் ஒரே நீளத்தில் வேண்டுமென்றால், வளரும் நுனிகளைத் தூங்க வைத்துத் தூங்க வைத்து எழுப்புகிற ஒரு மருந்தைச் சேர்க்க வேண்டும். சேர்ந்தாற்போல் எழும், சேர்ந்தாற்போல் வளரும். நீளம் ஒன்றாக இருந்தால் அதை அளக்கும் கருவி வரைகிற கோடு ஊசிபோல் எழும்பும். காஜாவுக்கு ஊசி. எனக்கோ பக்கத்தில் ஒரு புடைப்போடு கரட்டுமேடு மாதிரி வரும். அடுத்த ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் இடம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மற்றவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். அன்றிலிருந்து காஜா அச்செடுத்த தாளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சிரித்தால்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தோன்றும்.

ஒருநாள் அவனே என் குடுவையருகே வந்தான்.

"ஏலே, கடேசி வரைக்கும் ஏன்டா ஓட விடுற? முக்காவாசி ஆனதும் நிப்பாட்டிரு."

"மிச்சச் சரக்க என்ன செய்ய?"

"கொட்டு. சரக்குத் தீரத் தீர நுனியும் நுனியும் ஒட்டிக்கிட்டுச் செத்துப் போகும். ஒன் புடைப்பு அதுதேன்."

நல்ல சரக்கைக் கொட்டுவதா? எனக்கு மனசே வரவில்லை. காஜா விடவில்லை. "ஒங்கய்யாவுக்கு எடை நிக்கணும். எங்கத்தாவுக்குப் பழம் ஒண்ணுபோல இருக்கணும். ஒனக்கு ஒங்கய்யா புத்தி" என்றான். சுருக்கென்றது. எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை வாங்க வரும் வியாபாரி அவன் அத்தாதான். என் அய்யா கொடியில் ஒரு குலையைக்கூடக் கிள்ளிக் கழிக்க விடமாட்டார். அவன் அத்தாவோ, "பெருசும் பொடிசுமா இருக்கே மாமா, பெட்டியில நிக்காதுல்ல" என்று சிரித்துக்கொண்டே பாதியை ஒதுக்கிவிடுவார். இங்கனயும் வந்து இவன் என்னை ஒதுக்குகிறானே என்று பொருமினேன். வீம்புக்கு அந்த முறையும் கடைசிவரை ஓட விட்டேன். மறுபடியும் புடைப்பு.

இடம் காஜாவுக்குத்தான் கிடைத்தது. நான் வாழ்த்துச் சொன்னேன்; நாக்கு கசந்தது. இரண்டு வாரத்தில் அவன் அண்ணன் சவூதிக்குக் கிளம்பிவிட, திராட்சை வியாபாரத்தைப் பார்க்க ஆளில்லாமல் போனது. "அத்தா கூப்புடுறாக, போறேன்" என்றான், அவ்வளவுதான். அவன் வேண்டாம் என்றதால் அந்த இடம் எனக்கு வந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விமான நிலையத்தில் அவன் கையசைத்துப் போனபோது, அவனுக்கு ஊசி வந்த நாட்களைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன். ஊருக்கல்லவா போகிறான்!

இப்போது நானும் முக்கால்வாசியில் நிறுத்துகிறேன். கோடு ஊசியாகத்தான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் போட்டேன். உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தான். பின்னால் ஒரு கண்டக்டர், "கம்பம், கூடலூர், குமுளி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இப்பக் கோடு எப்புடிடா வருது? நல்லாக் கூரா நிக்குதா? சொல்லு" என்றான் காஜா. அவன் குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் அவன் தாள்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

"சொல்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாம போனை அந்தக் கண்டக்டர் பக்கம் திருப்பிப் பிடி" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி கிளம்பிப் போகிறவரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே அவன் என் பதிலுக்காகக் காத்திருந்தான்.